நம்மை வைத்து எழுதிய பாடம் நம் வகுப்புக்கு எப்போது வரும்?

சமூக உளவியல் கற்பிக்க அமெரிக்கச் சோதனைச்சாலைகள் மட்டும் போதாது. திருக்குறளும் அண்ணன்மார் கதையும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் அந்த வகுப்புக்குள் வர வேண்டும். ஏன் என்பதற்கும் எப்படி என்பதற்கும் கொங்கு நாட்டிலேயே விடை இருக்கிறது.

வெள்ளகோவிலை அடுத்து ஓலப்பாளையம். அதன் பக்கத்தில் கண்ணபுரம். சித்திரைத் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கூடும் காங்கேயம் மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். 1964 முதல் 1966 வரை பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் இந்தப் பகுதியில் தங்கினார். எந்தக் கூட்டத்துக்கு எந்தக் கோயிலில் காணி உரிமை, கல்யாணத்தில் யார் யாருக்குச் சீர் செய்கிறார்கள், யார் வீட்டில் யார் கை நனைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். 1972இல் அது கொங்கு நாட்டுக் குடியானவச் சமூகத்தைப் பற்றிய பெரிய நூலாக வெளிவந்தது. 1978இல் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று விளக்கும் கோட்பாட்டை வெளியிட்டார்கள். இன்று மொழியியலிலும் சமூக உளவியலிலும் அதைத் தொடாமல் அந்தப் பொருளைப் பேச முடியாது. அதற்கு அடிப்படையாக அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோ பழங்குடியினரின் செல்தால், பிறகு கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழ். 2004இல் ஷரத் சாரி திருப்பூர் பின்னலாடை முதலாளிகளின் வளர்ச்சியை ஒரு நூலாக எழுதினார். அதே ஆண்டில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூரில் முதலீடு எந்த வழியில் பாய்கிறது என்று அளந்து காட்டினார்கள். மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நம்புகிறார்கள், எப்படி மதிக்கிறார்கள், எப்படி விலக்கி வைக்கிறார்கள் என்று உலகம் தெரிந்துகொண்டதில் கொங்கு நாட்டின் பங்கு சிறியதல்ல.

அந்தக் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் உளவியல் எடுத்தால் அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஓர் அமெரிக்கப் பாடநூல், அல்லது அதன் இந்தியப் பதிப்பு. இந்திய எடுத்துக்காட்டுகள் அங்கங்கே சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எது இயல்பு, எது விதிவிலக்கு என்பதெல்லாம் வேறோர் ஊரில் முடிவானவை. இந்தக் குறையைத் தீர்க்க ஒரே வழி, ஆசியப் பண்பாடுகளையும் இலக்கியங்களையும் தத்துவங்களையும் பாடத்தின் ஓரத்தில் அலங்காரமாக வைப்பதை விட்டுவிட்டு, கேள்விகள் பிறக்கும் இடமாக வைப்பது. அப்படிச் செய்தால் அறிவியல் தளர்ந்துபோகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அறிவியல் உறுதிப்படும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

யாருடைய மனம்?

2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற ஆய்வாளர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதன்மையான ஆறு ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை எடுத்து, அவற்றில் ஆராயப்பட்ட மனிதர்கள் எந்த நாட்டவர் என்று கணக்கிட்டார். 68 விழுக்காட்டினர் அமெரிக்கர். மேலை நாடுகளை எல்லாம் சேர்த்தால் 96 விழுக்காடு. அந்த நாடுகளில் வாழ்பவர்களோ உலக மக்களில் 12 விழுக்காடுதான். 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் அவரது இரு தோழர்களும் இந்தக் கணக்கை முன்வைத்து, மனித இனத்தின் இயல்பு என்று பாடநூல்கள் சொல்வதில் எத்தனை உண்மையில் மனித இனத்துக்குப் பொது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி துறையையே உலுக்கியது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே நம் பக்கத்து ஊரான மைசூரில் இருந்து ஒரு சான்று வந்திருந்தது. ஒருவன் தப்பு செய்தால் அதற்கு அவன் குணத்தைக் காரணம் சொல்வதும், அவன் இருந்த சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் மனிதருக்குப் பொதுவான அடிப்படைப் பிழை என்று பாடநூல்கள் எழுதிவந்தன. ஜோன் மில்லர் 1984இல் சிகாகோவிலும் மைசூரிலும் பெரியவர்களையும் சிறுவர்களையும் அவரவர் அறிந்த நிகழ்ச்சிகளைச் சொல்லி, அவை ஏன் நடந்தன என்று விளக்கச் சொன்னார்.

மைசூரில் ஒருவர் சொன்ன நிகழ்ச்சி இது. வழக்கறிஞர் ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவர் விழுந்து அடிபடுகிறார். வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நீதிமன்றம் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். இதைக் கேட்ட அமெரிக்கர் பலர் அந்த வழக்கறிஞரைப் பொறுப்பற்றவர் என்றார்கள். சொன்னவரோ, நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக நின்றாக வேண்டிய கடமை அவருக்கு இருந்தது, பதற்றமும் இருந்தது என்றார். இந்த ஆய்வின் உயிர்நாடி அடுத்த செய்தியில் இருக்கிறது. எட்டு வயதில் சிகாகோப் பிள்ளைக்கும் மைசூர்ப் பிள்ளைக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற அங்கே குணத்தைச் சொல்வது கூடுகிறது, இங்கே சூழலைச் சொல்வது கூடுகிறது. மனிதரை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை வீடும் ஊரும் சொல்லிக்கொடுக்கின்றன என்றே இதற்குப் பொருள். வீடும் ஊரும் சொல்லிக்கொடுத்ததைப் பாடத்திட்டம் மட்டும் பார்க்க மறுப்பது அறிவியலுக்கு அடுக்காது.

பீகாரில் முளைத்த கோட்பாடு

ஆசியா எடுத்துக்காட்டுகளை மட்டுமே தரும், கோட்பாடு மேற்கில்தான் பிறக்கும் என்பவர்கள் லியோன் ஃபெஸ்டிங்கரின் நூலைப் புரட்டிப் பார்க்கலாம். தனக்குள் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு எண்ணங்கள் மோதும்போது மனிதன் ஏதோ ஒன்றை வளைத்துப் பொருத்திக்கொள்கிறான் என்ற அவரது கோட்பாடு 1957இல் வெளியானது. இன்றும் சமூக உளவியலின் தூண்களில் ஒன்று அது. அதற்கான பொறி 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் கிடைத்தது. அதிர்வை உணர்ந்தும் அழிவைக் கண்ணால் பார்க்காத ஊர்களில், இதைவிடப் பெரிய பேரிடர் வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியதை ஜமுனா பிரசாத் தொகுத்திருந்தார். ஏற்கெனவே அஞ்சியிருப்பவர்கள் அச்சத்தைக் கூட்டும் செய்தியை ஏன் விரும்பி நம்ப வேண்டும்? அச்சம் முதலில் வந்துவிட்டது, அதற்கேற்ற காரணத்தை மனம் பிறகு தேடிக்கொண்டது என்று ஃபெஸ்டிங்கர் விடை கண்டார். உறைகல்லாக அவர் எடுத்துக்கொண்டதும் இந்திய ஆய்வுதான். 1950இல் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு ஏற்பட்டபோது அழிவை நேரில் பார்த்த மக்களிடம் அப்படிப்பட்ட வதந்திகள் எழவில்லை என்று துர்கானந்த் சின்கா காட்டியிருந்தார். அஞ்சுவதற்குக் கண்முன்னே காரணம் இருந்தவர்களுக்குக் கற்பித்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. இரண்டு இந்திய ஆய்வுகள் தாங்கிய கோட்பாட்டை இந்திய மாணவர்கள் முழுக்க அமெரிக்கச் சரக்காகவே படித்துமுடிக்கிறார்கள். இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லும் ஆசிரியர், தன் ஊரில் நடப்பதில் இருந்தும் கோட்பாடு எழலாம் என்ற துணிவை மாணவர்களுக்குத் தருகிறார். பாடத்தின் பெரும்பயன் அந்தத் துணிவு.

குறள் எழுப்பும் கேள்விகள்

இலக்கியத்தை இந்த வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது? மேற்கோள் காட்டிப் பெருமைப்படுவதால் எதுவும் விளையாது. சோதித்துப் பார்க்கத் தக்க கருத்தை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். திருக்குறளின் 46ஆம் அதிகாரமான சிற்றினஞ்சேராமையில் ஒரு கருத்து வருகிறது. ஒருவனுடைய அறிவு அவன் மனத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் அது அவன் சேர்ந்திருக்கும் இனத்தில் இருந்து வருவது என்பது அதன் சாரம். சாலமன் ஆஷ் 1951இல் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன சோதனையில், கூட இருந்தவர்கள் எல்லாரும் தவறான விடை சொன்னபோது ஆராயப்பட்டவர்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவை அதே தவறான விடையைச் சொன்னார்கள். ஆஷ் கூட்டியது முன்பின் அறியாதவர்களை. குறள் பேசுவது ஒருவன் தன்னுடையதாக ஏற்ற இனத்தைப் பற்றி. இரண்டும் வேறு வேறு கருதுகோள்கள். 1996இல் ராட் பாண்டும் பீட்டர் ஸ்மித்தும் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெரும்பான்மையில் வேற்றுக் கூட்டத்தார் குறையக் குறைய இணங்கிப்போவது கூடுகிறது என்றும், கூட்டு வாழ்வை முதன்மையாகக் கருதும் நாடுகளில் அது இன்னும் அதிகம் என்றும் தெரிந்தது. குறளில் இருந்து புறப்பட்ட மாணவர், ஆஷ் கேட்காமல் விட்ட கேள்வியைத் தானே வந்து சேர்ந்துவிடுகிறார்.

இதைவிடச் செறிந்த சான்று 51ஆம் அதிகாரமான தெரிந்து தெளிதலில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு குறள்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. சுற்றம் அற்றவரை நம்பாதே, அவருக்குப் பற்றும் இல்லை, பழிக்கு நாணமும் இல்லை என்கிறது ஒன்று. அன்பு என்ற ஒன்றையே பற்றுக்கோடாக வைத்து, அறிய வேண்டியதை அறியாதவரை நம்பினால் எல்லா மடமையும் வந்து சேரும் என்கிறது அடுத்தது. முதலாவது, உறவு நம்பிக்கைக்குக் காவல் என்கிறது. இரண்டாவது, உறவு கண்ணை மறைக்கும் என்கிறது. திருப்பூரில் இந்த இரண்டில் எது நடக்கிறது? பானர்ஜி, முன்ஷி ஆய்வு இதற்கு விடைபோல அமைந்திருக்கிறது. கொங்கு வேளாளக் கவுண்டர்கள் நடத்திய நிறுவனங்களில் போடப்பட்ட முதல், வெளியூரில் இருந்து வந்தவர்களின் நிறுவனங்களில் போடப்பட்டதைவிட அதிகம். வெளியார் குறைந்த உற்பத்தியோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் முந்திவிட்டார்கள். உறவின் வழியே கைமாற்றும் கடனும் தாராளமாகக் கிடைத்தன, ஆனால் பணம் கூடுதல் பலன் தரும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு குறள்களும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தன. ஈராயிரம் ஆண்டு மரபில் வந்த நூல் கேள்வியைத் தந்தது, திருப்பூரின் கணக்கு விடையைத் தந்தது. இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்க எந்த வெளிநாட்டுப் பாடநூலாலும் முடியாது.

பங்காளியும் மாமன் மச்சானும்

கதைகளும் இப்படிப்பட்ட வேலையைச் செய்யும். ஹென்றி தாஷ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், பெயரளவுக்குப் பிரித்த குழுக்களில்கூடச் சிறுவர்கள் தம் குழுவுக்குச் சலுகை காட்டினார்கள். தன்னவர், பிறர் என்ற பிரிவு அத்தனை எளிதாக உருவாகிறது என்று பாடநூல் சொல்கிறது. கொங்கு நாட்டில் யார் தன்னவர்? ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள். குலதெய்வம் ஒன்று, தீட்டும் ஒன்று. கிணற்றுத் தண்ணீரையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் சொத்துத் தகராறும் அவர்களோடுதான். பெண் கொடுத்து எடுக்கும் மாமன் மச்சான் வேறு கூட்டத்தார். ஆபத்துக்கு ஓடிவருவதும், கல்யாணத்தில் முன்னால் நின்று சீர் செய்வதும் அவர்கள். தன்னவரே போட்டியாளராகவும் பிறரே துணையாகவும் இருக்கும் இந்த அமைப்பு தாஷ்ஃபெலின் இருகூறான படத்துக்குள் அடங்காது. உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையின் அச்சாணியே இதுதான். பொன்னர், சங்கரின் தந்தை குன்னுடையான் பெற்றோரை இழந்தபோது அவனை விரட்டியவர்கள் பங்காளிகள். 1965இல் பிரெண்டா பெக் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து, பிறகு அதன்மீது ஒரு முழு நூலே எழுதினார். ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் 1942இல் வெளிவந்த கொங்கு வட்டார நாவல். கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழும் கைம்பெண் தன் பங்கைக் கேட்கிறாள். வெளியில் இருந்து கெட்டியப்பன் தூபம் போடுகிறான். முடிவு கொலை. தூண்டுபவனின் சொல் எந்த மனத்தில் எப்போது ஏறும், நியாயமான கோரிக்கை எந்தப் புள்ளியில் பகையாகத் திரியும் என்று அந்த நாவலைப் படித்து விவாதிக்கும் வகுப்பு, பேச்சால் மனம் மாறுவதைப் பற்றிய பாடத்தை நெஞ்சில் பதியக் கற்றுவிடும்.

எதிர்வாதங்கள்

இதற்கு எழும் முதல் மறுப்பு, அறிவியலுக்கு ஊர் உண்டா என்பது. இயற்பியலில் கொங்கு இயற்பியல் என்று ஒன்று இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், உளவியலிலும் மனிதருக்குப் பொதுவானவை நிச்சயம் இருக்கின்றன. ஆனால் எவை பொதுவானவை என்பதைப் பல இடங்களில் பார்த்துத்தான் நிறுவ முடியும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டுப் பொது என்று அறிவிப்பது அறிவியல் முறையே அல்ல. பிரவுனும் லெவின்சனும் மூன்று கண்டங்களின் மொழிகளை எடுத்ததற்கு இதுவே காரணம். அவர்கள் கண்ட விடையும் இறுதியானதல்ல. தனிமனிதரின் மானத்தை மையமாக வைத்த அவர்களது விளக்கம் எங்கள் மொழிகளுக்குப் பொருந்தாது என்று ஜப்பானிய மொழியை முன்வைத்து யோஷிகோ மட்சுமோட்டோ 1988இலும், சீன மொழியை முன்வைத்து கு யூகுவோ 1990இலும் மறுத்தார்கள். அந்த விவாதத்தால் துறை வளர்ந்தது. கோவை மாவட்டத் தமிழை வைத்துக் கட்டிய கோட்பாட்டைப் பற்றிக் கோவை மாவட்ட மாணவர்கள் பேசுவதற்கு எல்லாரையும்விட அதிக உரிமை உண்டு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பண்பாட்டை வகுப்புக்குள் கொண்டுவந்தால் எல்லாம் எங்கள் முன்னோர் அன்றே சொன்னது என்ற வெற்றுப் பெருமிதம் நுழைந்துவிடும் என்பது. அந்த ஆபத்து உண்மையானது, அதற்கு வேலி கட்டியாக வேண்டும். பழைய நூல் எதற்கும் சான்றாகாது. அது கருதுகோளை மட்டுமே தரும், அந்தக் கருதுகோள் பொய்த்துப்போகவும் கூடும். குறள் சொன்னதால் ஒன்று உண்மை என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடையாது. குறள் சொல்வதை எப்படிச் சோதிப்பது என்று எழுதுபவருக்கு உண்டு. இந்த ஒரு விதியை உறுதியாகப் பிடித்தால் பெருமிதத்துக்கு இடம் இருக்காது.

மூன்றாவது மறுப்பு, யாருடைய பண்பாடு என்பது. கூட்டம், காணி, சீர் என்று பேசும்போது நிலம் உள்ளவரின் உலகமே பாடமாகிவிடும். அந்த நிலத்தில் உழைத்தவரின் உலகம் மறைந்துவிடும். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. கொங்கு வகுப்பில் பெருமாள்முருகனின் கூளமாதாரி இருந்தாக வேண்டும். கவுண்டர் பண்ணைகளில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களின் உலகம் அந்த நாவல். குழந்தையில்லாத தம்பதியை ஊர்ப்பேச்சு எப்படி அரிக்கிறது என்று சொல்லும் அவரது மாதொருபாகனும் இருக்க வேண்டும். 2014 இறுதியில் அந்த நாவலுக்கு எழுந்த எதிர்ப்பும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தந்த தீர்ப்பும் ஒரு கூட்டம் புண்படும்போது எப்படிச் செயல்படுகிறது என்பதற்குப் பாடமாக வேண்டியவை. எல்லாவற்றுக்கும் மேலாக அம்பேத்கர் இருக்கிறார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் படித்த கட்டுரை, சாதி பரவியதற்குப் பிறரைப் பார்த்துப் பின்பற்றும் மன இயல்பு ஒரு முக்கியக் காரணம் என்று வாதிட்டது. அதற்காக அவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் காப்ரியேல் தார்தின் கோட்பாட்டைத் தன் கேள்விக்கேற்பக் கையாண்டார். சமூக உளவியல் என்ற துறை தன் காலில் நிற்கத் தொடங்கிய நாளிலேயே இந்தியாவில் இருந்து எழுந்த சிந்தனை அது. பண்பாட்டின் வழியே கற்பிப்பது என்றால் அந்தப் பண்பாட்டை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர்கள் வழியேயும் கற்பிப்பது என்றுதான் பொருள்.

நான்காவது மறுப்பு, ஆசியா என்ற ஒன்று இருக்கிறதா என்பது. இல்லை என்பதே நேர்மையான விடை. 2014இல் தாமஸ் தால்ஹெல்மும் அவரது குழுவும் சீன மாணவர்கள் 1,162 பேரை ஆராய்ந்து, ஊர் கூடித் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நெல் வட்டாரத்தாரும் தனித்து விளைவிக்கக்கூடிய கோதுமை வட்டாரத்தாரும் சிந்திக்கும் விதத்திலேயே வேறுபடுகிறார்கள் என்றார்கள். தஞ்சை நெல் நாடு. வெள்ளகோவில் வட்டாரமோ மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த வறண்ட சீமை. கிளுவை வேலி போட்டுக் கொழுக்கட்டைப் புல் வளர்த்துத் தன் மாட்டைக் கொரங்காடு என்ற தன் மேய்ச்சல் நிலத்திலேயே மேய்க்கும் குடியானவர், தோட்டத்துச் சாளையில் தனித்து வாழ்ந்தவர். ஷரத் சாரி சந்தித்த திருப்பூர் முதலாளிகளும் தங்கள் வளர்ச்சிக்குச் சூழலைக் காரணம் சொல்லவில்லை, தம் உழைப்பைச் சொன்னார்கள். மைசூரில் மில்லர் கண்டதற்கு இது நேர்மாறு. அந்த உழைப்பைத் தாங்கிய சாதி உறவையும், தொழிலாளர்மீது அதனால் கிடைத்த பிடியையும் சாரி எடுத்துக்காட்டினார். ஆக, கிழக்கு கூட்டு மனம், மேற்கு தனி மனம் என்ற எளிய சூத்திரம் கொங்கு நாட்டில் உடைகிறது. ஆசியாவை ஆசியாவாகவே படிக்கத் தொடங்கினால்தான் அது உடைவது கண்ணுக்குத் தெரியும். இந்த மறுப்பும் கடைசியில் நம் வாதத்துக்கே துணையாகிறது.

என்ன செய்யலாம்?

1982இல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆளுகையில் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. சமூக உளவியல் தாளில் ஒவ்வோர் அலகுக்கும் மூன்று பொருள்கள் வைத்தால் போதும்: செவ்வியல் சோதனை ஒன்று, நம் இலக்கியத்திலோ தத்துவத்திலோ இருந்து ஒரு பகுதி, மாணவரே செய்யும் ஒரு களப்பணி. கைம்மாறு பற்றிய அலகில் டென்னிஸ் ரீகன் 1971இல் செய்த குளிர்பானச் சோதனையோடு ஒப்புரவறிதல் அதிகாரத்தையும், வீட்டாரின் சம்மதத்தோடு பெயர்களை மறைத்துப் பார்க்கும் மொய் நோட்டையும் சேர்த்து வைக்கலாம். ரீகனின் சோதனையில் கைம்மாறு சில நிமிடங்களில் முடிந்துவிடும். மொய் நோட்டில் அது தலைமுறை தாண்டியும் நீளும். மரியாதை பற்றிய அலகில் வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கும்போது யார் யாரை ‘ங்க’ போட்டு அழைக்கிறார்கள், யாருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை என்று கவனிக்கலாம். தான் என்ற ஒன்று நிலையாக இருக்கிறதா என்ற அலகில் மணிமேகலை முன்வைக்கும் பௌத்தச் சிந்தனையும், பிலிப்பைன்சின் விர்ஜிலியோ என்ரிகெஸ் 1970களில் வளர்த்தெடுத்த, தன்னையும் பிறரையும் பிரிக்காத மனித உறவுக் கருத்தும் இடம்பெறலாம். பெரிய சோதனைக்கூடமோ கூடுதல் செலவோ இதற்குத் தேவையில்லை. ஆசிரியருக்குப் பயிற்சியும், தமிழில் எழுதிய நல்ல துணைநூலும், களக்குறிப்புக்கு மதிப்பெண் தரும் தேர்வுமுறையும் தேவை.

வேலைச் சந்தைக்கு இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பது நியாயம். இந்தப் படிப்பை முடித்து வருபவர்கள் மனநல ஆலோசகராக, பள்ளி ஆசிரியராக, ஆலைகளில் மனிதவள அலுவலராக வேலை செய்யப்போவது இந்த மக்களிடையே. காதல் திருமணத்தால் ஊர் விலக்கி வைத்த குடும்பத்திடமும், கடன் நெருக்கடியில் பங்காளியிடம் கை நீட்டக் கூசும் விவசாயியிடமும், ஒடிசாவில் இருந்து திருப்பூருக்கு வந்து தனித்து நிற்கும் தொழிலாளியிடமும் அவர்கள் பேச வேண்டும். அந்த மனிதர்களின் மானம், அச்சம், கடமை எல்லாம் எந்த உறவுகளால் ஆனவை என்று தெரியாத ஆலோசகர், தவறான இடத்தில் தவறான அறிவுரையைச் சொல்வார். கற்றது மனிதருக்கு உதவ வேண்டும் என்றால், அந்த மனிதர்களைப் பற்றியும் கற்றிருக்க வேண்டும். கொங்கு நாடு இதுவரை பிறருடைய ஆய்வுகளுக்குத் தரவு கொடுத்தது. இனி தன் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கும் திறனையும் கொடுக்க வேண்டும். பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த முறை கூடும்போது இதை முடிவுசெய்ய முடியும், செய்யவும் வேண்டும்.